கடல் உள்வாங்கும் கரையில் ஒரு வீடு இருந்தது

அக்டோபர் 14, செவ்வாய்: சியோல்

விமானம் இறங்கியதிலிருந்து மழை. அக்டோபரில் கொரிய வானம் பளிச்சென்று நீலமாக இருக்கும் என்று போய்வந்தவர்கள் எல்லாரும் சொல்லியிருந்தார்கள். எங்களுக்கு வாய்த்தது சாம்பல் மேகமும் சிலுசிலுவென்ற காற்றும்தான். அக்கா விமான நிலையத்திலேயே பெட்டியைத் திறந்து ஸ்வெட்டரை எடுத்துப் போட்டுக்கொண்டாள்.

நாங்கள் இருவரும் இவ்வளவு தூரம் வந்தது ஒரு படத்துக்காக. 2000 செப்டம்பரில் வெளியான 'இல் மாரே'. லீ ஹியூன்-சுங் இயக்கி, லீ ஜுங்-ஜேயும் ஜுன் ஜி-ஹ்யுனும் நடித்த படம். லீ ஜுங்-ஜேயை 'ஸ்க்விட் கேம்' பார்த்தவர்கள் 456ஆம் எண் சட்டையில் பார்த்திருப்பார்கள். இதில் அவர் அதிகம் பேசாத இளைஞர், கட்டடக்கலை படித்தவர். ஜுன் ஜி-ஹ்யுனுக்கு அப்போது பதினெட்டு வயதுதான். அடுத்த ஆண்டு வந்த 'மை சாஸி கேர்ள்'தான் அவரை ஆசியா முழுக்கக் கொண்டுபோனது.

கதை தெரியாதவர்களுக்காகச் சுருக்கமாகச் சொல்கிறேன். கடலோரத்தில், தூண்கள்மேல் நிற்கும் ஒரு வீடு. அதன் பெயர்தான் இல் மாரே. 1999இன் கடைசியில் அந்த வீட்டைக் காலி செய்யும் உன்-ஜூ, தன் பெயருக்கு வரும் கடிதங்களைப் புது முகவரிக்கு அனுப்பிவைக்கும்படி, அடுத்துக் குடிவருபவருக்கு ஒரு கிறிஸ்துமஸ் வாழ்த்து அட்டையில் எழுதி வாசல் தபால் பெட்டியில் போட்டுவிட்டுப் போகிறாள். அட்டை போய்ச் சேர்வதோ 1997இல் அந்த வீட்டுக்கு முதல் ஆளாகக் குடிவரும் சுங்-ஹியூனிடம். நடுவில் இரண்டு வருஷம். அந்தப் பெட்டி மட்டும் இரண்டு காலத்துக்கும் பொது.

இந்த மாயத்தை விட, மாயம் கைக்குக் கிடைத்ததும் அவர்கள் அதை வைத்து என்ன செய்கிறார்கள் என்பதுதான் என்னைக் கட்டிப்போட்டது. லாட்டரி எண் கேட்பதில்லை, உலகத்தைக் காப்பாற்றுவதில்லை. எப்போது பனி கொட்டும், எப்போது சளிக்காய்ச்சல் பரவும், பார்த்து இருந்துகொள் என்று அவள் எழுதுகிறாள். ரயில் நிலையத்தில் தொலைத்துவிட்ட ஒலிப்பதிவுக் கருவியை எடுத்துவைக்க முடியுமா என்று கேட்கிறாள். அவன் போகிறான். அவளைப் பார்க்கிறான். இன்னும் எதையும் எழுதியிராத அந்தப் பழைய உன்-ஜூவுக்கு அவன் யாரோ ஒருவன். அன்பு என்பதையே இந்தப் படம் இப்படிச் சின்னச் சின்ன வேலைகளாகத்தான் காட்டுகிறது.

இன்று மாலை சுரங்க ரயில் நிலையத்தில் அக்கா தன் கண்ணாடிக் கூட்டை இருக்கையில் விட்டுவிட்டு வண்டி ஏறிவிட்டாள். மூன்று நிலையம் தாண்டித்தான் தெரிந்தது. திரும்பிப் போய்ப் பார்த்தால், இருக்கையில் இல்லை. பக்கத்தில் இருந்த தானியங்கிக் கடைப் பெட்டியின் மேல், யாரும் அதன்மீது உட்கார்ந்துவிடாதபடி யாரோ எடுத்து வைத்திருந்தார்கள். அடியில் ஈரம் படாமலிருக்க ஒரு காகிதக் கைக்குட்டையும் விரித்திருந்தது. அக்கா அந்தக் காகிதத்தையும் மடித்துக் கூட்டுக்குள் வைத்துக்கொண்டாள்.

இரவு உணவு கல்குக்சு: கத்தியால் வெட்டிய கோதுமை நூடுல்ஸ், சிப்பிச் சாறு. ஒருவருக்குப் பத்தாயிரம் வொன், நம் காசுக்கு அறுநூறு ரூபாய்க்கு மேல். கிம்ச்சி எவ்வளவு வேண்டுமானாலும் கேட்டு வாங்கலாம், அதற்குத் தனிக் காசு இல்லை. அந்தக் குளிருக்கு அந்தச் சாறு தொண்டையில் இறங்கியதே போதும் என்றிருந்தது.

அக்டோபர் 15, புதன்: கங்வா, சொக்மோதோ தீவு

படத்துக்கான வீட்டைக் கட்டியது சொக்மோதோவில். சியோலுக்கு மேற்கே இருக்கிற கங்வா தீவுக்கும் மேற்கே அடுத்து இருக்கும் சிறு தீவு. சியோலிலிருந்து பேருந்தில் போனோம். மழையில் வண்டி ஊர்ந்தது. கங்வா பேருந்து நிலையத்தில் இறங்கும்போது பசி காதை அடைத்தது.

அங்கே ஜொத்குக் கல்பி என்று ஒன்று கிடைக்கிறது, கங்வாவின் சொந்தச் சாப்பாடு. பன்றி விலா எலும்பைக் காய்கறி, டோஃபுவோடு சேர்த்து, உப்புக்குப் பதில் இறால் ஊறுகாயைப் போட்டுக் கொதிக்கவைப்பது. மிளகாய்ப் பொடியில் மூழ்கிய குழம்பு அல்ல. இது வெளுப்பாக, தெளிவாக இருக்கிறது. தொட்டுக்கொள்ள வந்த கிம்ச்சியும் முட்டைக்கோஸ் அல்ல. ஊதாத்தோல் டர்னிப்பை வெட்டிப் போட்டது. கங்வா மண்ணில் விளைவது. லேசான கடுகுக் காரம் மூக்கில் ஏறுகிறது. பரிமாறிய அம்மா, அக்கா இரண்டாவது கிண்ணத்தைக் காலி செய்ததைப் பார்த்துவிட்டு, கேட்காமலேயே மூன்றாவதைக் கொண்டுவந்து வைத்தார்.

2017 ஜூனில் பாலம் திறக்கும்வரை சொக்மோதோவுக்கு வேபோரி துறையிலிருந்து படகில்தான் போக வேண்டும். அந்தப் படகை விரட்டி வரும் கடற்காக்கைகளுக்கு இறால் சிப்ஸை நீட்டுவது சியோல்காரர்களின் பெரிய பொழுதுபோக்காக இருந்தது. படக்குழுவும் அன்று மரக்கட்டை, ஆணி, விளக்கு எல்லாவற்றையும் படகில் ஏற்றித்தான் கொண்டுபோயிருக்க வேண்டும். இப்போது ஒன்றரைக் கிலோமீட்டர் பாலத்தைப் பேருந்து இரண்டு நிமிடத்தில் தாண்டிவிடுகிறது.

நாங்கள் பதிவு செய்திருந்த விடுதியில் எங்கள் பெயரே இல்லை. பணம் கட்டிய ரசீதைக் காட்டினோம். வரவேற்பில் இருந்த பையன் முகம் சிவந்து, தலையைத் தலையைக் குனிந்து மன்னிப்புக் கேட்டானே தவிர, அறை இல்லை. வெளியே தூறல். கடைசியில் அவனே யாருக்கோ போன் போட்டு, எங்கள் பெட்டிகளை இரண்டு கையிலும் தூக்கிக்கொண்டு, பின்தெருவில் வீட்டு அறைகளை வாடகைக்கு விடும் ஒரு பாட்டியிடம் கொண்டுபோய் விட்டான். பாட்டிக்கு எண்பதை ஒட்டிய வயது இருக்கும். தரையைத் தொட்டுக் காட்டினார். கீழே குழாயில் வெந்நீர் ஓடும் ஒந்தோல் தரை, கை வைத்தால் சுடுகிறது. நாற்பதாயிரம் வொன். பதிவு செய்த இடத்தைவிடக் குறைவு.

மாலை நாலரைக்கு ஹாரிக்குப் போனோம். தீவின் வடமேற்கு மூலையில் இருக்கும் சிறு துறை. இங்கிருந்து இன்னும் சின்னத் தீவுகளுக்குப் படகு போகிறது. வீடு அங்கே இல்லை என்பது தெரிந்துதான் போனோம். படத்துக்காகக் கட்டியது, இன்று ஒரு தூண்கூட மிச்சமில்லை. ஆனாலும் அந்த இடத்தைக் கண்ணால் பார்த்தபோது கொஞ்ச நேரம் பேச்சு வரவில்லை.

கடல் உள்வாங்கியிருந்தது. உள்வாங்கியது என்றால் நம் மெரினாவில் அலை பத்தடி பின்னால் போவது மாதிரி அல்ல. கண்ணுக்கு எட்டிய தூரம் ஈரச் சேறு. நடுநடுவே நெளிந்து போகும் வாய்க்கால்கள். சாய்ந்து கிடக்கும் மீன்படகு. சேற்றின் ஓரத்தில் செக்கச்செவேலென்று ஒரு செடி படர்ந்திருந்தது. குனிந்து பார்த்தால், தூத்துக்குடி உப்பளப் பக்கம் முளைக்கும் நம் உமரியின் சொந்தக்காரச் செடி. அதே சதைப்பற்றான குட்டி இலை. இலையுதிர் காலத்தில் இங்கே முழுச் சிவப்பாகிவிடுகிறது. கிள்ளி வாயில் போட்டேன், அதே உப்பு.

மஞ்சள் கடல் ஆழம் குறைந்தது. இந்தப் பக்கம் ஏற்றத்துக்கும் இறக்கத்துக்கும் உள்ள வித்தியாசம், பௌர்ணமி, அமாவாசையை ஒட்டிய நாட்களில் எட்டு மீட்டரைத் தாண்டும். கங்வாவையும் சொக்மோதோவையும் சுற்றியுள்ள சேற்றுவெளியையும், அங்கே குஞ்சு பொரிக்கும் கருமுகக் கரண்டிவாயன் நாரைகளையும் 2000இல் கொரிய அரசு இயற்கைச் சின்னமாக அறிவித்தது. படம் வந்த அதே ஆண்டு.

வலை தைத்துக்கொண்டிருந்த ஒருவரிடம் கைபேசியில் படத்தின் போஸ்டரைக் காட்டினோம். பார்த்ததும் சிரித்தார். எழுந்து வந்து, எங்கள் தோளுக்கு நேராகக் கையை நீட்டி, சேற்றுவெளியில் ஒரு பக்கத்தைக் காட்டினார். பிறகு இரண்டு கையையும் விரித்து, ஒன்றும் இல்லை என்றார். அவர் திரும்பிப் போய் உட்கார்ந்த பிறகும் நாங்கள் அந்தப் பக்கமே பார்த்துக்கொண்டிருந்தோம்.

ஆறரைக்கு வர வேண்டிய பேருந்து வரவேயில்லை. ஏழு மணிக்கு இருட்டில் நின்றிருந்தபோது ஒரு குட்டிச் சரக்கு வண்டி நின்றது. வலைக்காரர். பின்னால் முழுக்க டர்னிப் மூட்டை. முன்னிருக்கையில் மூவரும் நெருக்கிக்கொண்டு உட்கார்ந்தோம். வழி முழுக்க ஒரு வார்த்தை பேசவில்லை, வானொலியில் பழைய பாட்டு. பாட்டி வீட்டு வாசலில் இறக்கிவிட்டு, காசை நீட்டிய அக்காவின் கையை மெதுவாகத் தள்ளிவிட்டார்.

அக்டோபர் 16, வியாழன்: போமுன்சா, மறுபடி ஹாரி

காலையில் கதவைத் திறந்தால், நேற்றுச் சேற்றில் ஊறிப்போன எங்கள் காலணிகள் திண்ணையில் வரிசையாக நிற்கின்றன. மண் கழுவி, உள்ளே செய்தித்தாளைச் சுருட்டித் திணித்து வைத்திருந்தார் பாட்டி. தாள் ஈரத்தை உறிஞ்சிப் பழுத்த நிறத்துக்கு மாறியிருந்தது. இரவில் ஒருமுறையாவது எழுந்து வந்து மாற்றியிருக்க வேண்டும், ஏனென்றால் ஈரத்தாளின் இன்னொரு குவியல் வாளியில் கிடந்தது. அக்கா அவர் கையைப் பிடித்துக்கொண்டு தமிழிலேயே, "எதுக்கும்மா இந்தக் குளிர்ல" என்றாள். பாட்டி கொரிய மொழியில் ஏதோ நீளமாகச் சொன்னார். இருவருக்கும் புரிந்த மாதிரிதான் இருந்தது.

மழை விட்டிருந்தது. காலையில் போமுன்சா கோயில். கி.பி. 635இல் கட்டியது என்பது அவர்கள் மரபு. மேலே நக்கா மலையின் நெற்றியில் துருத்தி நிற்கும் பாறைக்குக் கீழே, 1928இல் செதுக்கிய ஒன்பது மீட்டருக்குச் சற்று அதிக உயரமுள்ள போதிசத்துவர் அவலோகிதர் கடலைப் பார்த்து உட்கார்ந்திருக்கிறார். நானூறு படிக்கு மேல் ஏற வேண்டும். இந்த மலைக்குப் பெயர் தந்தது, அவலோகிதர் வாழும் தென்திசை மலையாகப் பௌத்த நூல்கள் சொல்லும் போதலகம். அது நம் பொதிகைதான் என்று கருதும் ஆய்வாளர்கள் உண்டு. அகத்தியர் தமிழ் கற்றதே அவலோகிதரிடம் என்கிறது பழைய இலக்கண நூலான வீரசோழியம். மேல்மூச்சு வாங்க உச்சிக்கு வந்து இதை அக்காவிடம் சொன்னதும், அவள் செருப்பைக் கழற்றிவிட்டுப் போய்க் கும்பிட்டாள்.

கீழே குகைக்குள் இருக்கும் சிறு கற்சிலைகளுக்கு ஒரு கதை. சில்லா அரசர்கள் ஆண்ட பழங்காலத்தில் மீனவர்கள் வலையை இழுத்தபோது மீனுக்குப் பதில் இருபத்திரண்டு கல்லுருவங்கள் வந்தனவாம். கடலிலேயே கொட்டிவிட்டு வேறு இடத்தில் வலை போட்டார்கள். மறுபடியும் அவையே வந்தன. அன்றிரவு கனவில் ஒரு முதிய துறவி வந்து, ஏன் திருப்பிப் போட்டாய் என்று கேட்டாராம். அதன் பிறகு மலைக்குக் கொண்டுவந்து வைத்தார்கள். போன பொருள் திரும்பி வரும் கடல் இது என்ற நம்பிக்கை அந்த வீட்டைக் கட்டுவதற்கு ஆயிரம் வருஷத்துக்கு முன்பே இங்கே இருந்திருக்கிறது.

அடிவாரத்தில் மக்வோட் இலை அரைத்த மாவில் தோய்த்துப் பொரித்த இறால் விற்கிறார்கள். பச்சை நிறம், நம் மாசிப்பத்திரி வகையைச் சேர்ந்த இலையின் கசப்பு. ஒரு பொட்டலம் ஐயாயிரம் வொன். சுடச்சுடத் தின்றுகொண்டே நடந்தோம். பக்கத்தில் இருக்கும் வெந்நீர் ஊற்றில் கால் நனைக்கத் தொட்டி இருக்கிறது. கடல்நீர் கலந்த உப்பு ஊற்று. படியேறிய காலுக்கு அதைவிட மருந்து கிடையாது.

மதியம் ஒன்றரைக்கு அக்கா, "இன்னொரு தடவை போயிட்டு வந்துருவோமா?" என்றாள். நானும் அதைத்தான் நினைத்துக்கொண்டிருந்தேன். டாக்ஸி பிடித்து மறுபடி ஹாரி.

நேற்றுப் பார்த்த இடம் இல்லை அது. சேறு, வாய்க்கால், உமரி எதுவும் இல்லை. கரையின் கல்வரை தண்ணீர் தளும்பிக்கொண்டிருந்தது. சாய்ந்து கிடந்த படகு நிமிர்ந்து மிதந்தது. வலைக்காரர் கை காட்டிய பக்கத்தில் வெயில் பட்டு வெறும் நீர் மின்னியது.

எத்தனையோ முறை பார்த்த படம் அங்கே நின்றபோதுதான் எனக்கு முழுசாகப் பிடிபட்டது. அந்த வீட்டை ஏன் தரையிலும் கட்டவில்லை, ஆழ்கடலிலும் கட்டவில்லை, ஒரு நாளில் இரண்டு முறை கடலாகவும் இரண்டு முறை நிலமாகவும் மாறும் இந்த நடுவிடத்தில் கட்டினார்கள் என்று. காலையில் வருபவர் ஓர் உலகத்தைப் பார்க்கிறார், மதியம் வருபவர் இன்னொன்றை. இருவரும் நிற்பது ஒரே இடத்தில். இரண்டு வருஷ இடைவெளியில் ஒரே வீட்டில் இருவர் இருக்க முடியும் என்று படம் சொல்லும்போது நமக்கு நம்பத் தோன்றுகிறதென்றால், அதில் பாதி வேலையை இந்தக் கடல் செய்திருக்கிறது.

அக்டோபர் 17, வெள்ளி: ஜேஜு

பாட்டி வழிக்கு அவித்த சர்க்கரைவள்ளிக் கிழங்கு கட்டிக் கொடுத்தார். கிழங்குக்குள் மஞ்சள் நிறம், அல்வா பதம். தன் பெயரும் முகவரியும் அச்சிட்ட அட்டையைக் கொடுத்து, அடுத்த முறை நேராக இங்கேயே வரச்சொன்னார். படத்தின் இன்னொரு கடற்கரையைத் தேடி, தெற்கே ஜேஜு தீவுக்கு. விமானம் ஒரு மணி நேரம்தான். இறங்கியதும் காற்று. பனைமரம் எல்லாம் ஒரே பக்கம் வளைந்து நின்றது. சொங்சானுக்கு வந்து வாளை மீன் குழம்பு சாப்பிட்டோம். முள்ளங்கி போட்டுக் காரமாக, நம் நாக்குக்கு ஏற்றபடி இருந்தது. விலைதான் தொண்டையில் இறங்கவில்லை, இருவருக்கு ஐம்பதாயிரம் வொனுக்கு மேல். படுத்தவுடன் தூங்கிவிட்டோம்.

அக்டோபர் 18, சனி: சொங்சான்

ஊதோ தீவுக்குப் படகு இல்லை. காற்று அதிகம் என்று துறையில் பலகை வைத்துவிட்டார்கள். எதிரே கைக்கெட்டும் தூரத்தில் தீவு தெரிகிறது, கால்மணி நேரப் பயணம், ஆனால் போக முடியாது. எங்களோடு இன்னும் நூறு பேர் நின்றிருந்தார்கள். யாரும் சத்தம் போடவில்லை. ஒருவர் பையிலிருந்த சின்ன ஆரஞ்சுகளை எடுத்து முன்னால் பின்னால் நின்றவர்களுக்கெல்லாம் கொடுத்தார். பச்சைத் தோல் இன்னும் முழுதாக மாறாத ஜேஜு ஆரஞ்சு. புளிப்பில் கண் கூசியது.

ஒரு காபிக் கடையில் ஒதுங்கினோம். ஓரத்தில் ஒரு சிவப்புத் தபால் பெட்டி. அதில் போடும் அட்டையை ஒரு வருஷம் கழித்துத்தான் அனுப்புவார்களாம். இந்த மெதுவான தபால் பெட்டிகள் கொரியாவில் இப்போது பல சுற்றுலா இடங்களில் இருக்கின்றன. முதலாவது 2009இல் இஞ்சொன் விமான நிலையத்துக்குப் போகும் யொங்ஜொங் பாலத்தருகே வந்தது. உள்நாட்டு முகவரிக்கு மட்டும்தான் அனுப்புவோம் என்றாள் கடைப்பெண். அப்போது அக்கா பையிலிருந்து பாட்டியின் அட்டையை எடுத்தாள். கடைப்பெண்ணின் உதவியோடு கொரிய எழுத்தில் இரண்டு வரி எழுதினோம்: காலணி நன்றாகக் காய்ந்துவிட்டது, குளிரில் இரவில் எழுந்து வராதீர்கள். அடுத்த அக்டோபரில் போய்ச் சேரும்.

அன்று முழுக்கப் பேசிக்கொண்டிருந்தது படத்தைப் பற்றித்தான். அக்காவுக்கு 2006இல் ஹாலிவுட்டில் இதையே எடுத்த 'தி லேக் ஹவுஸ்' பிடிக்கும். கியானு ரீவ்ஸ், சாண்ட்ரா புல்லக். "அதுலயும் அதே கதைதானடி. அழுகையும் வந்துச்சு" என்றாள்.

"அது ஏரிக்கா. ஏரித் தண்ணி அங்கேயே இருக்கும்."

"ஹாரிக்குப் போறதுக்கு முன்னாடி இதைச் சொல்லியிருந்தா உன்னைத் திட்டியிருப்பேன்" என்றாள். பிறகு கொஞ்சநேரம் கழித்து அவளே தொடங்கினாள். அவளுக்கு இருந்த குறை முடிவில்தான். கதை தெரிய வேண்டாம் என்பவர்கள் இந்தப் பகுதியைத் தாண்டிவிடுங்கள். பிரிந்துபோன பழைய காதலனை நிறுத்திவைக்கச் சொல்லி உன்-ஜூ கேட்கிறாள். தன் மனசை மறைத்துக்கொண்டு அதையும் செய்யப் போகும் சுங்-ஹியூன் சாலை விபத்தில் இறந்துபோனதை அவள் தன் காலத்தில் தெரிந்துகொள்கிறாள். போகாதே என்று எழுதிக்கொண்டு தபால் பெட்டிக்கு ஓடுகிறாள். கடைசிக் காட்சியில் அவன் உயிரோடு, கையில் அவள் எழுதிய அட்டையோடு, அவள் வீட்டைக் காலி செய்யும் அந்த நாளில் வந்து நிற்கிறான். நீளமான ஒரு கதை சொன்னால் நம்புவீர்களா என்று கேட்கிறான்.

"பொழைச்சுட்டான்னா அப்புறம் அவ ஏன் லெட்டர் எழுதப்போறா? லெட்டரே எழுதலைன்னா அவன் எப்படிப் பொழைச்சான்?"

கணக்கு இடிக்கத்தான் செய்கிறது. அதே 2000இல் வந்த 'டிட்டோ'வில், 1979இல் இருக்கும் கல்லூரிப் பெண்ணும் 2000இல் இருக்கும் பையனும் ஹாம் ரேடியோவில் பேசிக்கொள்வார்கள். அங்கே கணக்கு இடிக்காது. அவள் இருபத்தோரு வருஷத்தையும் வாழ்ந்துதான் கடக்க வேண்டும். எனக்கு 'இல் மாரே'யின் முடிவில் கணக்கைவிடப் பெரிதாகத் தெரிவது வேறு. அவன் எதிரில் நிற்கும் உன்-ஜூவுக்கு எதுவும் தெரியாது. பனியைப் பற்றி எழுதியவள், கருவியைத் தேடச் சொன்னவள், அவனுக்காகப் பெட்டியடியில் உட்கார்ந்து அழுதவள், அந்த உன்-ஜூ இனி எங்கும் இல்லை. அவளை நினைவில் வைத்திருக்கும் ஒரே ஆள் அவன். சேர்ந்துவிட்டார்கள் என்று நாம் மூச்சு விடும் அதே நொடியில் ஒருத்தி போய்விட்டாள். இதைச் சொன்னபோது அக்கா கோப்பையை வைத்துவிட்டு ஜன்னலைப் பார்த்தாள். "அப்போ அவன் பாவம்டி" என்றாள்.

அக்டோபர் 19, ஞாயிறு: ஊதோ

காற்று அடங்கியது. முதல் படகிலேயே போய்விட்டோம். வாடகைக் கார்களைத் தீவுக்குள் கொண்டுபோக 2017இல் கட்டுப்பாடு கொண்டுவந்தார்கள். அதனால் துறையில் இறங்கியதும் மின்சாரக் குட்டி வண்டிக்காரர்கள் சூழ்ந்துகொள்கிறார்கள். விலையைக் கேட்டுவிட்டு நாங்கள் தீவைச் சுற்றும் பேருந்தில் ஏறினோம்.

படத்தில் இருவரும் சந்திப்பதாக முடிவு செய்வது ஜேஜுவில். அவளுக்குச் சில நாட்கள் காத்திருந்தால் போதும், அவன் இரண்டு வருஷத்துக்கு மேல் காத்திருக்க வேண்டும். அந்தக் காட்சிகளின் கடற்கரை ஊதோவின் மேற்கில் இருக்கிறது. அவள் வந்து நிற்கிறாள், அவன் வரவில்லை. வராததற்குக் காரணம் அப்போது அவளுக்குத் தெரியாது.

சாதாரண மணல் இல்லை அங்கே. வெள்ளைவெளேரென்று, சோளப்பொரி அளவில் உருண்டை உருண்டையாக இருக்கிறது. பவளம் என்றுதான் வெகுகாலம் நினைத்திருந்தார்கள். உண்மையில் கடலடியில் உருண்டு உருண்டு வளரும் சிவப்புப் பாசியின் சுண்ணாம்புக் கூடு. 2004இல் இயற்கைச் சின்னம் ஆனது. ஓர் உருண்டையைக் கூட வெளியே எடுத்துப் போகக் கூடாது. புறப்படும்போது காலணியைக் கவிழ்த்துத் தட்டிவிட்டுப் போகும்படி ஒரு காவலர் எல்லாரிடமும் சொல்லிக்கொண்டிருந்தார். அக்கா கைப்பிடி அளவு எடுத்து வெயிலில் பிடித்துப் பார்த்தாள். சில உருண்டைகளில் இன்னும் லேசான ரோஜா நிறம் ஒட்டியிருந்தது. தண்ணீர் கரையருகே பச்சை, தள்ளி நீலம், அதற்கும் அப்பால் கருநீலம்.

கூட்டம் நிறைய. கல்யாணப் படம் எடுப்பவர்கள், பள்ளிப் பிள்ளைகள், வேர்க்கடலை ஐஸ்கிரீம் விற்பவர்கள். ஊதோ கடலை சின்னது, உருண்டையானது, தோலோடு தின்ன வேண்டும். ஐஸ்கிரீம் ஐயாயிரம் வொனுக்கு மேல் வாங்கினாலும் மேலே கடலையைத் தாராளமாகத் தூவுகிறார்கள். கூட்டத்தைப் பார்த்து முதலில் எனக்குக் கொஞ்சம் ஏமாற்றம். பிறகு பார்த்தால், மணலில் தனியாக உட்கார்ந்து யாருக்கோ காத்திருப்பவர்கள் இங்கே அங்கே இருந்துகொண்டேதான் இருந்தார்கள். நீலக் கோட்டுப் போட்ட ஒரு பெண் நாங்கள் வந்ததிலிருந்து போகும்வரை கைபேசியை மடியில் வைத்துக்கொண்டு சாலையைப் பார்த்தபடியே இருந்தாள்.

கடலில் மூழ்கிச் சங்கு எடுக்கும் ஹேன்யோப் பெண்கள் கரையோரக் கூடாரத்தில் சங்கு வெட்டி விற்றுக்கொண்டிருந்தார்கள். ஒரு தட்டு இருபதாயிரம். இவர்கள் மரபை 2016இல் யுனெஸ்கோ பட்டியலில் சேர்த்தது. வெட்டிக்கொடுத்தவருக்கு எழுபது வயதுக்கு மேல் இருக்கும், கைவிரல்கள் எல்லாம் நீரில் ஊறி வெளுத்திருந்தன. நேற்றுக் காற்றில் கடலுக்குள் போகவில்லை, இன்று விடிவதற்குள் போய்விட்டோம் என்று கையால் காட்டினார். நான் தின்ற முதல் துண்டு கடினமாக இருந்ததைப் பார்த்துவிட்டு, மிச்சத்தைத் திரும்ப வாங்கி இன்னும் மெல்லியதாக நறுக்கித் தந்தார்.

போக நினைப்பவர்களுக்கு: ஹாரிக்கு ஒரே நாளில் அல்லது அடுத்தடுத்த நாளில் இரண்டு முறை போங்கள். ஏற்றத்துக்கும் இறக்கத்துக்கும் இடையில் ஆறு மணி நேரம்தான். கொரியக் கடலாய்வுத் துறை இணையத்தில் அன்றன்றைய நேரத்தைப் போடுகிறது, விடுதிக்காரர்களைக் கேட்டாலும் சொல்வார்கள். நடுவில் போமுன்சா ஏறி இறங்க நேரம் சரியாக இருக்கும். மாலைப் பேருந்தை நம்பாமல் திரும்பி வர டாக்ஸி எண் ஒன்றை வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். ஊதோவுக்கு மட்டும் காற்றுக்காக ஒரு நாளைக் கூடுதலாக ஒதுக்கிவையுங்கள்.